வெள்ளிக்கிழமை விளையாட்டு வேளையும் காந்தா மிஸ்ஸும் ஏழாம் வகுப்புக்குத் திரும்ப வேண்டி

அனுப்புநர்:
பாஞ்சாலி,
க/பெ நாகேஷ்,
ஆடுகோடி, பெங்களூரு.

பெறுநர்:
வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்,
பெங்களூரு.

பொருள்: வெள்ளிமலர் உதவி பெறும் நடுநிலைப் பள்ளி – ஏழாம் வகுப்பில் நிறுத்தப்பட்ட விளையாட்டு வேளையை மீண்டும் நடத்தவும், ஆசிரியை காந்தா அவர்கள் மீதான நடவடிக்கையைக் கைவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பள்ளி நிர்வாகத்தின் அறிவிப்பு, நாள் 12.08.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறிவிப்பில் 'இறந்த மாணவனின் பெற்றோர்' என்று குறிப்பிடப்பட்டிருப்பது என்னையும் என் கணவரையும்தான். எங்கள் மனம் புண்பட்டதாக அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காரணத்தைக் காட்டித்தான் ஒரு நல்ல ஆசிரியையை வகுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அவரைப் பணிநீக்கம் செய்யத் தங்களுக்குப் பரிந்துரையும் அனுப்பியிருப்பதாக அறிகிறேன். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைத் தெரிவிக்கவே இந்த மனு.

2. நான் கார்மென்ட்ஸ் கம்பெனி ஒன்றில் தையல் வேலை செய்கிறேன். என் கணவருக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. எனக்குக் கன்னடம் பேச வரும், தப்பில்லாமல் எழுத வராது. அதனால் தமிழில் எழுதி, என் நாத்தனார் செய்து கொடுத்த கன்னட மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன். எங்கள் ஒரே மகன் சுஹாஸ் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தான். இந்த ஜூலை மாதத் தொடக்கத்தில் டெங்கு காய்ச்சலில் இறந்துபோனான். மருத்துவமனையில் நன்றாகத்தான் பார்த்தார்கள். அதுபற்றி எங்களுக்கு யார் மீதும் புகார் இல்லை.

3. விளையாட்டு வேளை என்றால் என்னவென்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் காந்தா மிஸ் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப்போய் வட்டமாக உட்கார வைப்பார். முதலில் ஒவ்வொருவரும் தன் மனசுக்குள் இன்றைக்கு என்ன வானிலை என்று சொல்ல வேண்டும். வெயில், மழை, காற்று, எதுவானாலும் சரி. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. சொல்ல விருப்பமிருந்தால் சொல்லலாம். பிறகு கூட்டமாக ஆடுகிற ஆட்டங்கள். ஒருவர் செய்வதை எதிரில் நிற்பவர் கண்ணாடி போலச் செய்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு மற்றவர் குரலை நம்பி நடப்பது, பேசாமல் முகத்தாலேயே ஒரு கோபத்தையோ பயத்தையோ காட்டி மற்றவர்கள் கண்டுபிடிப்பது. இதில் ஜெயிப்பதும் தோற்பதும் அதிகம் கிடையாது.

4. என் மகன் முன்கோபக்காரன். ஆறாம் வகுப்பில் இரண்டு முறை அடிதடிக்காக என்னைப் பள்ளிக்கு வரவழைத்தார்கள். அந்த வருஷமே காந்தா மிஸ் இந்த விளையாட்டை ஆரம்பித்த பிறகு அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கோபம் வந்தால் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இப்ப எனக்கு மோடா. கொஞ்ச நேரம் பேசாதே" என்பான். மோடா என்றால் மேகமூட்டம். பள்ளியில் கன்னடமும் தமிழுமாகக் கலந்து பேசிப் பழகியவன். என் கணவர் அதிகம் பேசாதவர். பட்டறையிலிருந்து வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அவரையும் விடாமல் தினம் கேட்பான்: "அப்பா, உனக்கு இன்னிக்கி வெயிலா மழையா?" ஒருநாள் முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவர், "இடிடா" என்றார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் மனசை ஒருவர் கேட்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தது அந்தப் பிள்ளைதான். அவனுக்குக் கொடுத்தது காந்தா மிஸ்.

5. மகன் போன பிறகு என் கணவர் அழவில்லை. சடங்குகளின்போதும் அழவில்லை. பேச்சு முழுவதுமாக நின்றுபோயிற்று. வேலைக்குப் போவார், வருவார்.

6. ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அந்தக் குழுவிலிருந்து என் எண்ணை யாரும் நீக்கவில்லை, நானும் வெளியேறவில்லை. பள்ளி வேலிக்கு வெளியே நின்று ஒரு மாணவனின் தகப்பனார் எடுத்தது. 'ஸ்கூல்ல நம்ம பசங்களை உட்கார வெச்சு அழ வைக்கிறாங்க' என்று கீழே எழுதியிருந்தார். அவர் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. தன் பிள்ளை அழுவதைப் பார்த்துப் பதறியவர் அவர். கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார்.

7. அன்று நடந்ததைப் பிறகு காந்தா மிஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சுஹாஸ் போன பிறகு வட்டத்தில் எல்லோரும் 'வெயில், வெயில்' என்றே சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் விளையாட மனமில்லை, யாரும் அவனைப் பற்றிப் பேசவும் இல்லை. அவன் பக்கத்து இருக்கைக்காரி தர்ஷினி வகுப்பில் வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் முறை வந்தபோது, "எனக்கு வெயில் இல்ல மிஸ். நான் பொய் சொன்னேன்" என்றாளாம். அதன் பிறகுதான் மிஸ் அந்த ஆட்டத்தைச் சொல்லியிருக்கிறார். சுஹாஸ் என்றால் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறதோ, அதைப் பேசாமல் செய்து காட்டுங்கள்; மற்றவர்கள் கண்ணாடி போலச் செய்யட்டும் என்று. "அழுகை வந்தா அழுங்க, சிரிப்பு வந்தா சிரிங்க. ரெண்டும் சேர்ந்து வந்தாலும் தப்பில்ல" என்று அவர் சொல்வது வீடியோவிலேயே கேட்கிறது.

8. ஐயா, பள்ளி நிர்வாகம் அந்த வீடியோவைச் சாட்சியாகத் தங்களுக்கு அனுப்பியிருக்கிறது. நானும் அதையே சாட்சியாக வைக்கிறேன். தயவுசெய்து முழுவதுமாகப் பாருங்கள். ஒரு பையன் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்துவிட்டுப் பதில் சொல்லப்போவது போல நிற்கிறான். என் மகன் அப்படித்தான் நிற்பான். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை உயரத் தூக்கிக் குடித்து, சட்டையெல்லாம் நனைந்த மாதிரி உதறுகிறாள். வட்டம் முழுக்க அப்படியே உதறுகிறது. எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். கடைசியாக ஒரு பையன் எழுந்து, தனியாக உட்கார்ந்திருந்த இன்னொருவன் பக்கத்தில் போய், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறான். வேறு எதுவும் செய்யவில்லை. யாராவது ஆட்டத்தில் அவுட்டாகி ஓரமாகப் போய் உட்கார்ந்தால் சுஹாஸ் அப்படித்தான் போய் உட்காருவானாம். அது எனக்குத் தெரியாது. என் பிள்ளை அப்படிப்பட்டவன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்போதுதான் தர்ஷினி வாய்விட்டு அழுகிறாள், மற்றவர்களும் அழுகிறார்கள், வீடியோ நின்றுவிடுகிறது.

9. அதை என் கணவரிடம் காட்டினேன். தண்ணீர் பாட்டில் இடத்தில் சிரித்தார். "இவன் ஸ்கூல்ல இந்தக் கூத்தெல்லாம் பண்ணானா?" என்றார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார். ஒரு மாதத்துக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. எங்கள் மனம் புண்பட்டதா என்று கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்போம்.

10. திங்கட்கிழமையே அறிவிப்பு வந்துவிட்டது. இறந்த மாணவனின் பெயரை வைத்து விளையாடியதால் அவன் பெற்றோரின் மனம் புண்பட்டுள்ளது, பிள்ளைகள் பீதியடைந்துள்ளனர், விளையாட்டு வேளை ரத்து, அந்த நேரத்தில் கணிதப் பயிற்சி நடக்கும், நடந்தது பற்றி மாணவர்கள் இனிப் பேசக் கூடாது. நான் பள்ளிக்குப் போய்ச் செயலாளர் திரு. சேஷகிரி அவர்களைப் பார்த்தேன். அவர் என்னை மரியாதையாகவே உட்கார வைத்தார். "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானம்மா இவ்ளோவும் செஞ்சோம்" என்றார். என் மனசு நோகவில்லை, மிஸ்ஸைத் திரும்ப அழையுங்கள் என்றேன். "இப்ப நீங்க இருக்கிற நெலமைல எதுவும் யோசிக்க முடியாதும்மா. போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். எழுதிக் கொடுக்கிறேன் என்றதற்கும், வேண்டாம் என்றுவிட்டார். எழுந்து வந்துவிட்டேன். என் துக்கத்தைக் காரணமாக எழுதிக்கொள்ள முடிந்தவர்களுக்கு என் வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

11. அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஒதுங்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் 'ஆன்ட்டி, ஆன்ட்டி' என்று வீட்டுக்குள் ஓடி வந்து தண்ணீர் கேட்கிறவர்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். சென்ற மாதம் தர்ஷினியின் அம்மா என்னைத் தேடி வந்தார். வெள்ளிக்கிழமையானால் அவள் வயிற்று வலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறாளாம், சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம். நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்றவள் வெளியே வரவில்லை. அங்கிருந்தபடியே, "நீங்க கம்ப்ளெய்ன்ட் குடுத்துதான மிஸ்ஸ அனுப்பிட்டாங்க? நாங்க அவனக் கிண்டல் பண்ணல ஆன்ட்டி. எங்க மேல கோவமா?" என்றாள்.

12. ஐயா, அந்த வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் இத்தனை நாளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் சிநேகிதனைப் பறிகொடுத்த பிள்ளைகள், அவனை நினைத்து அழுததால் அவன் அம்மாவுக்குப் பாவம் செய்துவிட்டோம் என்று பயந்துபோய்க் கிடக்கிறார்கள். அறிவிப்பில் சொன்ன பீதி இப்போதுதான் வந்திருக்கிறது. விளையாட்டால் அது வரவில்லை.

13. ஆகவே நான் வேண்டுவது:
அ) எங்கள் மனம் புண்பட்டது என்ற வாசகம் உண்மைக்குப் புறம்பானது என்று பதிவு செய்ய வேண்டும். அதைப் பள்ளி நிர்வாகம் அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் நேரில் சொல்ல வேண்டும்.
ஆ) காந்தா மிஸ் மீதான பரிந்துரையைத் தள்ளுபடி செய்து அவரைத் திரும்ப அதே வகுப்புக்கு அனுப்ப வேண்டும். அவர் இந்த மனுவை எழுதச் சொல்லவில்லை. "என்னால உங்களுக்கு இன்னும் அலைச்சல் வேணாம்" என்றுதான் சொன்னார்.
இ) வெள்ளிக்கிழமை விளையாட்டு வேளையை மீண்டும் நடத்த அனுமதிக்க வேண்டும். கணிதமும் வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. அதற்கு வாரத்தில் வேறு நேரம் இருக்கிறது.
விசாரணை எந்த நாளில் வைத்தாலும் கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் என் கணவரும் வருகிறோம்.

14. அன்றைக்குத் தர்ஷினியிடம், கோபம் இல்லை கண்ணு, நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை என்றேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப அவன் பேரைச் சொல்லலாமா?" என்று கேட்டாள். சொல்லு என்றேன். கதவை விட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சுஹாஸ் அப்படிச் செய்தான், சுஹாஸ் இப்படிச் சொன்னான் என்று அவள் அம்மா விளக்குப் போடும் வரை பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டில் பேசுவதற்கு என்னால் அனுமதி கொடுக்க முடிந்தது. பள்ளியில் பேசுவதற்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிடுங்கள் ஐயா.

நாள்: 04.11.2024
இடம்: பெங்களூரு

தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கும்,
(ஒப்பம்) பாஞ்சாலி
சுஹாஸின் அம்மா

உடன் ஒப்பமிடுபவர்:
(ஒப்பம்) நாகேஷ்
சுஹாஸின் அப்பா

இணைப்பு: 1. அறிவிப்பின் நகல். 2. கன்னட மொழிபெயர்ப்பு. 3. வீடியோ.