‘நான்’ என்று தொடங்கும் வாக்கியம்

அன்புப் பூனைக்கு,

இங்கே அப்பாவின் வலது முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி எல்லோரும் நலம். அந்த முழங்காலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பரவாயில்லை, மாடிப்படியில் மூன்று படி வரைக்கும் கூப்பிட்டால் வருகிறது, நான்காவது படியில்தான் அடம் பிடிக்கிறது. நீ அங்கே தலை முதல் கால் வரை ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் என் வாய் பழைய இடத்திலேயே போய் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆனது. ஆய்வுக்கூடத்தில் மூன்று வருட ஒப்பந்தம் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் முதல் ஒரு வருடம் லீவே கிடையாது, போடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம், அப்பாவை வேறு பார்த்துக்கொள்ள வேண்டும், நான் என்னதான் செய்யட்டும் என்று கேட்டாய். நான் “உன் இஷ்டம்” என்றேன். “என் இஷ்டம்னா நான் எதுக்கும்மா உன்கிட்ட கேக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. இவள் கேட்டது சரிதானே என்றுதான் தோன்றியது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் துணியறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் இது எனக்கு வராது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் நான் வேலை செய்யும் அறையை நீ ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாய். சுவருக்கு அந்தப் பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், இந்தப் பக்கம் நாங்கள் மடிக்கும் நீள மேசை, அதற்குப் பின்னால் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு அலமாரி. எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நானும் இஸ்திரிப் பகுதியில் இருக்கும் அக்காவும் மனுப் போட்டோம். மனுவில் படிப்பு என்ற கட்டத்தில் பி.ஏ. என்று எழுதியதும் அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாதது. கிழிசல் தைக்க எங்கள் அறையிலேயே இருக்கும் தையல்காரர் மட்டும், “பட்டதாரி கையால மடிச்ச தலையணை உறையிலயா இத்தனை நாளா எல்லாரும் தூங்கினாங்க, அதான் யாருக்கும் சீக்கிரம் எழுந்திரிக்க மனசு வரல” என்றார். நீ பத்தாம் வகுப்புக்குப் படித்த அதே மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தபாலில் படித்து வாங்கிய பட்டம். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள் என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். எனக்குக் கூச்சம்.

புதிதாக வந்திருக்கும் நிர்வாக மேடத்துக்கு உன்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். பல ஊர் டாக்டர்கள் இருப்பதால் வார்டுகளுக்கு நாங்கள் எழுதும் குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். பழைய குறிப்பு நோட்டை அவர் எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் “ப்ளீஸ் சஜஸ்ட் மீ” என்று இருக்கிறது. அது தப்பாம். அதையே தேர்வாக வைத்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு வினைச்சொல் கொடுத்தார், எல்லோரும் தப்பாக எழுதுகிற சொற்களிலிருந்து. வெள்ளிக்கிழமைக்குள் அதை வைத்துச் சரியாக ஐந்து வாக்கியம் எழுதித் தர வேண்டும், அதில் ஒன்றாவது ‘நான்’ என்று தொடங்க வேண்டும், நம் வேலையைப் பற்றியதாகவும் இருக்க வேண்டும். அக்காவுக்கு ‘டிஸ்கஸ்’ வந்தது, கலந்து பேசுவது. “நல்லவேளை, இதத்தான் தினமும் பண்றேன், இஸ்திரி போட்டுக்கிட்டே” என்று சிரித்தார். எனக்கு அந்த ‘சஜஸ்ட்’டே வந்தது, யோசனை சொல்வது.

உன் பழைய இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஓரமெல்லாம் பூனை வரைந்து வைத்திருக்கிறாய், ஒரு பூனைக்குக் கண்ணாடி வேறு. அதில் படித்ததைச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும், எனக்குப் புதுசு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நேராக ஆள் வரக்கூடாதாம். சொல்ல வந்த யோசனைதான் முதலில் உள்ளே வர வேண்டும், யாருக்குச் சொல்கிறோமோ அந்த ஆள் வாசலில் நிற்க வேண்டும், ‘டு’ என்று ஒரு சின்னச் சொல் வந்து கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் அவருக்கு இடம். இன்னொன்றும் இருக்கிறது. ‘ஷீ கோஸ்’ என்று எழுதிப் பழகிய இடத்தில், சஜஸ்ட் வந்துவிட்டால் ‘ஷீ கோ’ என்று அந்த ‘ஸ்’ வாலை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். காரியம் இன்னும் நடக்கவில்லை, நடக்குமா என்றும் தெரியாது, அதற்குள் அதற்கு எதற்கு வால் என்று விட்டிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது. புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, நானே வைத்துக்கொண்ட காரணம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. யார் யாருக்கு எப்படி யோசனை சொல்கிறார்கள் என்றே கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். தையல்காரர் எதைச் சொன்னாலும் “நான் சொல்றதா நினைச்சுக்காதீங்க” என்றுதான் தொடங்குகிறார், அப்புறம் அவர்தான் சொல்கிறார். இஸ்திரி அக்கா தன் யோசனை எல்லாவற்றையும் ஊரார் தலையில் கட்டிவிடுகிறார், “யாரோ சொன்னாங்க, மேசைய ஜன்னல் பக்கம் போட்டா காத்து வருமாம்” என்று, அந்த யாரோ யார் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கேள்வியாகக் கேட்பார், “இந்தச் செடிக்கு இவ்வளவு தண்ணியா ஊத்துறீங்க?” என்றால் ஊற்றாதே என்று அர்த்தம். உன் அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், அவர் யோசனை சொல்வதில்லை, ஹாரன் அடிப்பார். குழம்பில் உப்பு குறைந்தால் தொண்டையைக் கனைப்பது ஒரு ஹாரன், நான் தாமதமாகக் கிளம்பினால் சாவிக்கொத்தை ஆட்டுவது இன்னொரு ஹாரன். இத்தனை பேரையும் எழுதிவைத்துவிட்டு, நான் எப்படிச் சொல்கிறேன் என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. அப்பாவிடம் கேட்டேன், நான் எப்போதாவது யாருக்காவது யோசனை சொல்லியிருக்கிறேனா என்று. கொஞ்சம் யோசித்து, “நீ சரின்னு சொல்வே. வேணும்னா ரெண்டு தடவை சரின்னு சொல்வே” என்றார்.

புதன்கிழமைக்குள் நான்கு வாக்கியம் எழுதிவிட்டேன். டாக்டர் நடக்கச் சொன்னார், ஆசிரியை ஒரு புத்தகம் சொன்னார், இப்படி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றிலும் நான் இல்லை. ஐந்தாவது ‘நான்’ என்று தொடங்க வேண்டும். ஏதாவது பொய்யாக எழுதிவிடலாம், வாக்கியம் சரியாக இருந்தால் போதும், யார் வந்து பார்க்கப் போகிறார்கள். ஆனால் எழுத உட்கார்ந்ததும் எனக்குள் கிடந்த ஒன்று எழுந்து வந்தது. எங்கள் அறையில் துவைத்து வந்த விரிப்பை மடித்து அடுக்கின் மேலே வைப்போம். வார்டிலிருந்து வருகிறவர்கள் மேலே இருப்பதை எடுத்துப் போவார்கள். அது அழுக்காகி, துவைத்து, மறுபடி மேலேயே வரும். அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் அது வந்த வருடத்தை முத்திரை குத்தியிருப்பார்கள். மேலே இருப்பதில் முத்திரை வெளுத்துக் கண்ணுக்கே தெரியாது, அடியில் இருப்பதில் மை நேற்றுக் குத்தியது போல இருக்கும், இரண்டும் ஒரே வருடத்தில் வந்தவை. ஒரே முப்பது நாற்பது விரிப்புகள்தான் சுற்றிச் சுற்றி வந்து நைந்து கிழிகின்றன. தையல்காரர், “இந்த ஆஸ்பத்திரியில பேஷண்டை விட பெட்ஷீட்டுக்குத்தான் தையல் அதிகம்” என்று சொல்லிக்கொண்டே அவற்றைத் தைப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இதைப் பார்த்துவிட்டேன். ஒரு விரிப்பில் பிறை மாதிரி ஒரு தையல் உண்டு, அது வாரம் இரண்டு முறை என் கைக்கு வரும், வாம்மா என்று மனதுக்குள் சொல்லி மடிப்பேன். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்தேன், அப்புறம் கிழிசல் குறைந்தால் தையல்காரருக்கு என்ன வேலை என்று நினைத்தேன், அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டேன். நான் யோசனை சொல்கிறேன், துவைத்து வருவதை அடுக்கின் அடியில் வைக்கலாம் என்று, இதுதான் ஐந்தாவது வாக்கியம். அந்த ‘நான்’ என்பதை மட்டும் இரண்டு தடவை அடித்து எழுதினேன், சிரிக்காதே.

வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் மேடம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார். ஐந்தாவதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். “வாக்கியம் கரெக்ட். விஷயம் நிஜமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே ஒரு அடுக்கின் அடியில் கையைவிட்டு ஒன்றை உருவினார், பாதி அடுக்கு அவர் காலில் விழுந்தது. உருவிய விரிப்பு அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது, மடித்த கோடுகள் மட்டும் மஞ்சளாக. மூலையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார், மேலே இருந்ததையும் பார்த்தார். “எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும்?” ஆறு வருடம் என்றேன். “ஏன் சொல்லல?” என்று கேட்டார், திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் “யாரும் கேக்கல மேடம்” என்றேன். சொன்ன அந்த நொடியே எனக்கு உன் குரல் கேட்டது. துணியறையில் யாரும் கேட்கவில்லை, சரி. நீ கேட்டாயே. ஞாயிற்றுக்கிழமை மட்டுமா, எந்தக் கல்லூரி என்று கேட்டாய், அந்த ஊருக்குப் போகட்டுமா என்று கேட்டாய், முடியை வெட்டிக்கொள்ளட்டுமா என்றுகூடக் கேட்டாய். எல்லாவற்றுக்கும் உன் இஷ்டம், உன் இஷ்டம். உனக்குச் சுதந்திரம் கொடுக்கிறேன் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பாகச் சொல்லி நாளைக்கு நீ என்னைக் குறை சொல்லக்கூடாதே என்ற பயமும் அதில் பாதி இருந்திருக்கிறது.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பிறைத் தையல் விரிப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, “நான் சொல்றதா நினைச்சுக்காதீங்க, இதே இடத்த நாலு தடவ தைச்சிட்டேன், எனக்கே அசிங்கமா இருந்துச்சு” என்றார். அவரை நோயாளிகளுக்கான அங்கி தைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது நீடிக்குமா என்று எனக்குத் தெரியாது, அந்தக் கவலை எனக்கு இருக்கிறது. இன்சார்ஜ் வேலை இஸ்திரி அக்காவுக்குப் போனது, அவருக்கு என்னைவிட ஒன்பது வருடம் அனுபவம் கூட, நியாயம்தான். ஆனால் எல்லா அலமாரியிலும் துவைத்த துணி இப்போது அடியில்தான் போகிறது. அக்கா வருகிறவர்களிடம் எல்லாம் “யாரோ சொன்னாங்க” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்.

இப்போது உனக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்று நான் யோசனை சொல்கிறேன். அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது உன் குரல் மாறுவது எனக்குத் தெரியும், அதை விட்டுவிட்டு இங்கே வந்து நீ உட்கார்ந்தால் அப்பாவின் முழங்கால் வளையப் போவதில்லை. ஆனால் போடுவதற்கு முன்னால் நான்கு வாரம் லீவு கேள். வாயால் கேட்காமல் எழுதிக் கேள். தரமாட்டார்கள் என்று நீயே முடிவு செய்துவிடாதே, நான் ஆறு வருடம் அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தேன். கேட்டதற்காக வேலையே போய்விடுமா என்றால், போகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, போகாது என்று நினைக்கிறேன், அவ்வளவுதான். தந்தால் வா. அப்பாவுக்காக வராதே, அவரைக் கேட்டால் இப்போதும் ஹாரன்தான் அடிப்பார். எனக்காக வா. துணியறையில் விரிப்பின் இரண்டு முனையை ஒருத்தர், இரண்டு முனையை இன்னொருத்தர் பிடித்துத்தான் மடிப்போம். வீட்டில் நீ போனதிலிருந்து எனக்கு எதிரே ஆள் இல்லை, அப்பாவால் குனிய முடியாது. நாற்காலி முதுகில் இரண்டு முனையை மாட்டிவிட்டு நான் இந்தப் பக்கம் நின்று மடிக்கிறேன். நாற்காலி நன்றாகத்தான் பிடித்துக்கொள்கிறது, நடந்துதான் வரமாட்டேன் என்கிறது.

இதற்குக் கீழே ‘மற்றபடி உன் இஷ்டம்’ என்று எழுதப் பேனா போனது. எழுதவில்லை. நான் சொன்னது உனக்குச் சரிப்படாவிட்டால் சரிப்படவில்லை என்று சொல், நான் தாங்கிக்கொள்வேன், ஆனால் சொன்னேன் என்பது இருக்கட்டும். எங்கே இருந்தாலும் நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நினைத்த காரியம் கைகூடி நூறு வயது வாழ வேண்டும், அதுதான் அப்பாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்வது. மாதக் கடைசி என்பது முப்பதாம் தேதி, இருபத்தெட்டாம் தேதியே கேட்டுவிடு. கண் பரிசோதனைக்குப் போக மறந்துவிடாதே, புத்தகத்துப் பூனைக்கு இருக்கும் கண்ணாடி உனக்கும் இருக்கிறது, மாட்டிக்கொள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா, பி.ஏ.