திரையில் எண்பது, விரலில் நாற்பது

அன்புள்ள ஓயினுக்கு,

கால்வேயிலிருந்து அம்மா எழுதுவது. கடவுள் கிருபையால் நான் நலம், டாலியும் நலம். இந்த இரண்டாவது நலத்தை எழுத முடியும் என்று செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. டொராண்டோக் குளிரில் நீயும் மார்ட்டாவும் சுகம்தானே?

டாலியின் மண்ணீரலில் கட்டி, அறுத்து எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் டியர்னி சொன்னதை உனக்குப் போனில் சொன்னேன். பதினொரு வயதுப் பந்தய நாய்க்கு மயக்கமருந்து தாங்குமா என்று கேட்டதற்கு நீ, "மெஷின் பாத்துக்கும்மா, அந்த மெஷினத்தானே எங்க கம்பெனில செய்யறோம்" என்றாய். ஆனால் டாலியின் பக்கத்தில் உட்காரப்போகிற நர்ஸ் சோர்ச்சாவைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நீலத் தலைமுடி, இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை பச்சை குத்தல். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, பேச்சும் கேட்டது.

ஒன்றேகால் மணி நேரம் அந்தப் பெண் வேறெங்கும் பார்க்கவில்லை ஓயின். இரண்டு விரல்கள் டாலியின் உள்தொடை நாடியில், கண் கடிகாரத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் பென்சிலால் ஓர் எண். பாதியில், "டாக்டர், நாப்பதுதான் இருக்கு, எறங்கிட்டே போவுது" என்றாள். அவர், "ஸ்க்ரீன்ல எண்பது இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று சிரித்தார். "ஸ்க்ரீனுக்கு வெரல் இல்ல டாக்டர். ஒரு துடிப்ப ரெண்டா எண்ணுது. உள்ளதானே கை வெச்சிருக்கீங்க, பெரிய ரத்தக்குழாயத் தொட்டுப் பாருங்க" என்றாள். அவர் தொட்டார். சிரிப்பு நின்றது. மயக்கத்தைக் குறைத்தார்கள், ஊசி போட்டார்கள். என் கையில் ஜெபமாலை அப்படியே நின்றுவிட்டது. "அம்பத்தெட்டு... அறுபத்தாறு. வந்துட்டா என் செல்லம்" என்று அவள் சொன்ன பிறகுதான் அடுத்த மணியை நகர்த்தினேன்.

பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், எதற்கென்று சொல்லவில்லை. "முடிக்குத்தானே மிஸஸ் ஹானன்? எங்கம்மாவே இன்னும் மன்னிக்கல" என்றாள். சில நாய்களுக்குத் துடிப்பின் பின்னால் வரும் சிறு அலையும் உயரமாக எழும், கருவி அதையும் ஒரு துடிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினாள்.

அந்தத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்கள் நிற்கிற நேர்த்தியைப் பார், எங்கள் கான்வென்ட் கன்னியாஸ்திரிகள்கூடக் குறை சொல்ல மாட்டார்கள். பதினொன்று இருபது மணிக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும், திரை சொன்னதும் அவள் விரல் சொன்னதும். அந்த வரியை உன் வேலை மேசைக்கு மேலே ஒட்டு. உன் கருவியை நான் குறைத்துப் பேசவில்லை, மகனே. அடுத்ததை வெளியே அனுப்பும் முன் ஒரு நாயின் தொடையில் விரல் வைத்து நீயே ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்.

அப்பாவின் நினைவுப் பூசை ஒன்பதாம் தேதி, நீயும் அங்கே கோயிலுக்குப் போ. உங்கள் இருவரையும் கன்னிமரியாள் காக்கட்டும். டாலி என் பாதத்தின் மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். இப்போதுதான் எண்ணினேன், எழுபத்திரண்டு.

உன் அம்மா,
பெர்னடெட் ஹானன்