காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

ஜூன் 3, செவ்வாய்

கத்திரி வெயில் முடிந்தும் சூடு குறையவில்லை. காலை ஐந்தேகாலுக்கே கழுத்தெல்லாம் வியர்வை.

மைதான கேட் இன்றும் பூட்டு. சுற்றிலும் தகரம். அரசு நிதியில் செயற்கை ஓடுதளம் வரப்போகிறது என்று போன வருடம் மண் தரையைத் தோண்டினார்கள். அன்று ஸ்டெல்லாவும் நானும் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். பிறகு ஜல்லி வந்தது, ஆள் வரவில்லை. அதிலிருந்து எங்கள் வேகநடைப் பயிற்சிக்கு வேலப்பன்சாவடி சர்வீஸ் ரோடுதான்.

ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். பின்னால் வருபவள் திரும்பித் திரும்பி வண்டி பார்க்க வேண்டும். "வண்டி!" என்றால் ஓரம். கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றிக்கொள்வோம்.

டீக்கடைக்காரர்: "இன்னாம்மா, ஓடவும் மாட்றீங்க, நடக்கவும் மாட்றீங்க, இடுப்ப ஆட்டிக்கினு எங்க போறீங்க?"

ஸ்டெல்லா: "டெல்லிக்கு, அண்ணாத்தே!"

நாளைக்கு: ஷூ ஒட்ட. ஆதார் ஜெராக்ஸ். அம்மாவுக்கு சுகர் மாத்திரை.

ஜூன் 9, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. அரசு உதவித் திட்டம். ஒரு வருடம் விடுதி, நல்ல சாப்பாடு, பயிற்சி, வெளியூர் போட்டிக்கு ரயில் டிக்கெட் வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெண்கள் வேகநடைக்கு ஒரே ஓர் இடம்.

ஸ்டெல்லா: தேர்வு. தேவி: காத்திருப்பு 1.

அநியாயம் என்று சொல்ல முடியாது. மாநிலப் போட்டியில் கடைசி இரண்டு கிலோமீட்டர் வரை நான்தான் முன்னால். முழங்கால் மடங்குகிறது என்று நடுவர்களிடமிருந்து மூன்று சிவப்பு அட்டை. வெளியே போ.

அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஸ்டெல்லா வீட்டுக்கே ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "நீ இல்லாம நா இன்னாடி பண்ணுவேன் அங்க?" சிரித்தேன். வாய் வலித்தது.

அதற்குப் பிறகு வேலைக்கு, திருமழிசை கம்பெனி. பாட்டில் மூடி சோதிக்கும் வேலை. உடைந்தது நிறைய என் கையைத் தாண்டிப் போய்விட்டது. சூப்பர்வைசரிடம் திட்டு. பாத்ரூமில் அழுகை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் போகவில்லை. "வயிற்று வலி, நீ போ" என்று மெசேஜ். வலி எதுவும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

காலை எட்டரைக்கு கம்பெனியில் இருந்தபோது ஸ்டெல்லா அம்மாவின் போன். ரோஸி ஆன்ட்டி பேசவில்லை, கத்தினார்.

தண்ணீர் லாரி. ராங் சைடில் வந்திருக்கிறது. அவளுக்குப் பின்னாலிருந்து.

ஜூன் 12, வியாழன்

அரசு ஆஸ்பத்திரி. இடது முழங்கால் நொறுங்கியிருக்கிறது. கம்பி வைத்திருக்கிறார்கள்.

டாக்டர்: "நடப்பாங்க. ஆனா போட்டி கீட்டின்னு இனிமே நினைக்க வேண்டாம்."

ஆன்ட்டி விளையாட்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். திட்டத்தில் மருத்துவ உதவி உண்டாம். ஆனால் விடுதியில் சேர்ந்த நாளிலிருந்துதான். ஸ்டெல்லா சேர வேண்டிய நாள் பதினாறு.

"ஆறு நாளும்மா," என்றார் ஆன்ட்டி. "ஆறே நாளு." சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு டீ வாங்கித் தரக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

ஜூன் 13, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மழை, பத்து நிமிடம்.

ஜூன் 18, புதன்

அலுவலகத்திலிருந்து போன். இடம் எனக்காம். வெள்ளிக்கிழமைக்குள் ஸ்டெல்லாவின் விலகல் கடிதம் வேண்டும். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் அந்த இடம் ரத்து.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு, பிறகு வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கிருந்தே, "நீ இன்னா அவள தள்ளியா உட்ட? இல்லல்ல?"

வயிற்று வலி விஷயம் யாருக்கும் தெரியாது.

ஜூன் 19, வியாழன்

வார்டில் ஒரே பினாயில் நெடி. ஆன்ட்டி சாப்பாடு வாங்கக் கீழே போன நேரத்தில் சொல்லிவிட்டேன்.

"ஸ்டெல்லா, அன்னிக்கு எனக்கு வயித்து வலி இல்ல."

"தெரியும்."

"எப்பிடி?"

"அம்மா போன் பண்ணப்போ நீ கம்பெனில கீற. உனக்கு வயித்து வலின்னா நீ பாய விட்டே எழுந்துக்க மாட்ட."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

விலகல் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். "பேப்பர் எடு, கையெழுத்து போட்டுத் தரேன்" என்றாள்.

அலுவலகத்தில் சொன்னபடி நானே எழுதி வைத்திருந்தேன். படித்தாள். பேனாவை வாங்கி "சொந்த விருப்பத்தின் பேரில்" என்பதை அடித்தாள். மேலே குட்டிக் குட்டி எழுத்தில்: "பயிற்சி செய்ய மைதானம் இல்லாமல் ரோட்டில் நடந்தபோது லாரி மோதியதால்."

"இன்னா விருப்பம்டி எனக்கு? நானா வேணாம்னேன்?"

கையெழுத்துப் போட்டாள். தேதியும்.

"இத குடுத்தா உனக்குக் கிடைக்காமப் போலாம். வேணும்னா வேற எழுதிக்கினு வா, அதுலயும் போட்டுத் தரேன். நீயே பாத்துக்க."

ஜூன் 20, வெள்ளி

லீவு. பையில் இரண்டு தாள். ஒன்று அவள் திருத்தியது. மற்றொன்று சுத்தமாக எழுதியது, கையெழுத்து இல்லாமல். பஸ்ஸிலேயே இரண்டாவதைக் கிழித்தேன் என்று எழுத ஆசை. கிழிக்கவில்லை. அலுவலக வராந்தாவில் பதினொன்றரை வரை இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவளுடையதைக் கொடுத்தேன்.

அந்த அலுவலர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இப்படி எழுதினா மேல அனுப்ப முடியாதும்மா. விசாரணை அது இதுன்னு போயிடும். வேற எழுதி வாங்கிட்டு வாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

"இதுதான் சார் நடந்தது."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இதையே வாங்கிக்கங்க சார். சீல் போட்டு ஒரு நகல் குடுங்க."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சீல் போட்டார். என் விண்ணப்பத்தின் மேல் பென்சிலால் "நிலுவை" என்று எழுதிக் கோப்புக் கட்டுக்கு அடியில் வைத்தார்.

ஐந்து மணிக்கு வார்டில்தான் இருந்தேன். ஸ்டெல்லா கேட்டாள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"எத?"

நகலைக் கையில் கொடுத்தேன். படித்தாள். இத்தனை நாளில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. தாளை முகத்தின் மேல் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் அம்மா, "இன்னா கண்ணு, கால் வலிக்குதா?" என்று கேட்டார்.