பெஜவாடாவிலிருந்து வந்த தந்தி

ராசிபுரம் வழி
4-6-61

மச்சான் கந்தப்பன் அவர்களுக்கும் அக்காளுக்கும் குமாரசாமி எழுதிக்கொண்டது.

நீங்கள் இருவரும் பள்ளிபாளையத்திலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்களே, அந்தச் செவ்வாய்க்கிழமை என் மகன் குழந்தைவேல் உயிரோடு இருந்தான். அவன் செத்தது சனிக்கிழமை பொழுது சாய. ஊரில் நாலு விதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

லாரித் தொழில் பழகட்டும் என்று நான்தான் அவனைக் கிளீனராக அனுப்பினேன். ஆந்திராவில் பெஜவாடா பக்கம் லாரி கவிழ்ந்ததும் லாரி ஆபீஸ்காரர்கள் இங்கிலீஷில் தந்தி கொடுத்திருக்கிறார்கள். தந்திக்காரன் அதை வீட்டில் நீட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துவிட்டான். நம் ஊருக்கு இதுவரை வந்தது மூன்று தந்தி. மூன்றும் சாவுத் தந்தி. காகிதத்தைக் கண்டதும் என் வீட்டுக்காரி மாரில் அடித்துக்கொண்டாள். சந்தைக்கு நெய் டின் ஏற்றிக்கொண்டிருந்த நான் வந்து சேர்வதற்குள் வாசலில் முப்பது பேர். வாத்தியார் கோடை லீவுக்குப் போயிருந்தார். ஆறு மைல் போனால் ராசிபுரத்தில் படித்துச் சொல்ல எத்தனையோ பேர். தெரிந்த சேதியைப் படிக்க வேறு வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

என் மகள் பொன்னாயி மட்டும் காகிதத்தை விடவில்லை. வயதுக்கு வந்ததும் ஏழாவதோடு நான் நிறுத்தின பெண். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரின்னு போட்டிருக்குதுங்க ஐயா, செத்திருந்தா ஆஸ்பத்திரி எதுக்குங்க என்று கேட்டாள். ஏழாவது படித்த கழுதைக்கு இங்கிலீஷ் கேட்கிறதா, போய் உன் அம்மாளைப் பிடி என்றேன். மறுபடியும் வந்தாள். பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். பொட்டப் பிள்ளையைப் படிக்க வைத்தால் இழவு வீட்டிலும் வாயாடும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

இந்த வெயிலில் உடம்பு தாங்காது, அங்கேயே எரித்திருப்பார்கள் என்று தீர்ப்புச் சொன்னவனும் நான்தான். அவன் வேட்டி சட்டையை வைத்துக் கொள்ளி போட்டேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

வெள்ளிக்கிழமை லாரி டிரைவர் கருப்பண்ணன் தமிழில் எழுதிய கார்டு வந்தது. தந்தி கொடுத்தும் ஏன் யாரும் புறப்படவில்லை என்று கேட்டிருந்தான். அன்றைக்கே சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறி ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். நசுங்கிய காலை எடுத்தால் பிழைப்பான் என்று டாக்டர் சொன்னாராம். அதற்குப் பெற்றவர் கையெழுத்து வேண்டும்; பதினேழு வயதுப் பையன் போட்டால் செல்லாதாம். கருப்பண்ணன் நான் போடுகிறேன் என்றதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையாம். பையன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தானாம். ஐயா சந்தையை முடித்துவிட்டு வருவார் என்று நர்சம்மாளிடம் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

நான் ஊர் திரும்பியதிலிருந்து பொன்னாயி என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். நேற்று நானே போய், உனக்கு என்ன வேண்டும் சாமி என்று கேட்டேன். பள்ளிக்கூடம் என்றாள். எட்டாவது வரை போ என்றேன். அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். முப்பது வருஷம் பேரம் பேசின வாய், பத்தாவது என்று ஏற்றிச் சொன்னேன். அதற்கும் தலை நிமிரவில்லை.

ஆகையால் துக்க வருஷம் கழிந்ததும் உங்கள் மகன் செங்கோட்டையனுக்கு அவளைத் தருவதாகச் சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளை காத்திருந்தால் எங்களுக்குப் பெருமை. முடியாதென்றால் வேறு இடம் பாருங்கள், குறை சொல்ல மாட்டேன். அக்காள் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டட்டும். பொன்னாயியை ஒரு சொல் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவளோடு முடிவானது இது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. பதினொன்றாவது முடித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் வரை போவாள். அதுவரை கல்யாணப் பேச்சுக் கிடையாது, பிறகும் அவளைக் கேட்டுத்தான். இந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அவள் கைக்குப் போக வேண்டும். நீங்கள் போடும் பதிலும் அப்படித்தான், மச்சான். பார்த்து எழுதுங்கள்.

குமாரசாமி