சொட்டை விழுந்த வெள்ளிக் கிண்ணம்

1987 மார்ச் 3, செவ்வாய்

லட்லோ சந்தையில் நாள் முழுக்க மழை. என் பழம்பொருள் கடையில் ஈ ஓட்டினேன். விற்றது ஒரே ஒரு கடுகுக் கரண்டி.

போன வாரம் ஒரு வீட்டைக் காலி செய்து ஏலம் விட்டார்கள். அலங்கார மேசை வெள்ளிச் சாமான்களில் கைக்கண்ணாடி, பிரஷ், வாசனைக் குப்பி, ஊசித்தட்டு எல்லாம் எனக்கு விழுந்தன. பவுடர் கிண்ணம் மட்டும் எதிர்க்கடை பெர்னார்டுக்கு. கேட்டால் தரமாட்டானாம். நான் பார்க்கவென்றே அதில் பெப்பர்மின்ட் போட்டு நீட்டுகிறான்.

"ஒண்ணு எடுத்துக்கோ தெல்மா. மிட்டாய்தான் இலவசம், கிண்ணம் இல்ல."

ஒன்று எடுக்கவில்லை. இரண்டு எடுத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

லண்டன் வியாபாரி ஒருத்தி போன் செய்தாள். செட் முழுசாக இருந்தால் செவ்வாயன்று வந்து எடுத்துக்கொள்வாளாம். ஒழுகுகிற வீட்டுக் கூரையைச் சரிசெய்ய ஒரு வழி பிறக்கும். பெர்னார்டிடம் தேனொழுகப் பேசிப் பார்த்தேன். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான்.

மார்ச் 7, சனி

இன்று ஒரு கிழவி தடியூன்றி வந்தாள். மிஸஸ் ட்ரூபி. கடையிலிருந்த அந்தக் கைக்கண்ணாடியை எடுத்தாள், முன்மயிரைச் சரிசெய்தாள்.

"இது என்னோடதுதான். நான் ஆஸ்பத்திரியில கிடந்தேனா, திரும்ப மாட்டேன்னு நினைச்சு மகன் வீட்டையே வித்துட்டான். பாவம், நான் பிழைச்சு அவனை ஏமாத்திட்டேன்."

முறையாக ஏலத்தில் எடுத்தது என்று உளறினேன்.

"தெரியும்மா. பார்க்கத்தான் வந்தேன்." பிறகு எதிர்க்கடைக் கிண்ணத்தைக் காட்டினாள். "மூடியில சொட்டை இருக்கு பாரு, அது என் வீட்டுக்காரர் தலையில பட்டது. தலைக்கு ஒண்ணும் ஆகல."

முதியோர் இல்லத்து வண்டி வந்து அழைத்துப் போயிற்று. என் முகத்தைப் பார்த்து பெர்னார்ட் சிரித்தான். "தூக்கிக் கொடுத்துடுவே போலிருக்கே? கடை நடத்துறியா, சத்திரம் நடத்துறியா?"

கொடுக்க மாட்டேன். கூரை?

மார்ச் 10, செவ்வாய்

லண்டன்காரி வந்தாள். கிண்ணம் எங்கே என்றாள். "அது போயிடுச்சு" என்கிறான் பெர்னார்ட்! யாருக்கு என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. அவள் எதுவும் வாங்காமல் போய்விட்டாள்.

பாவி, எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னே வித்திருக்கான்! வயிறு எரியுது — ஆனா ஏதோ நிம்மதியாவும் இருக்கு. ஏன்?

மார்ச் 11

தூக்கமில்லை. கூரையும் ஒழுகுகிறது.

மார்ச் 15, ஞாயிறு

எல்லாவற்றையும் துணியில் சுற்றிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். மிஸஸ் ட்ரூபியின் அறையில், வாய் நிறையக் கேக்குடன் பெர்னார்ட்! பக்கத்து மேசையில் பவுடர் கிண்ணம்.

"வா வா, சத்திரம் திறந்துதான் இருக்கு" என்றான்.

அடித்திருப்பேன். கையில் வெள்ளி இருந்தது.

கிழவி துணியைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். குப்பியின் மூடியைத் திறந்து வெகுநேரம் மோந்தாள். அப்புறம், "எனக்கு இருக்கிற நாலு மயிருக்குப் பிரஷ் எதுக்கு? பரவாயில்ல, இருக்கட்டும்" என்றாள். பெர்னார்ட் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். சளியாம்.

மார்ச் 29, ஞாயிறு

மூன்று பேரும் சீட்டாடினோம். கிழவி வெட்கமில்லாமல் ஏமாற்றுகிறாள். பவுடர் கிண்ணத்தில் இப்போது அவளுடைய பல்செட் குடியிருக்கிறது. கிளம்பும்போது, "ஒரே ஊர்லேருந்து வர்றீங்க, எதுக்கு ரெண்டு கார்?" என்றாள். இருவரும் கோட்டுப் பொத்தானைத் தேடினோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஒரே காரில் போனோம். அவன் ஓட்டுவது படுமோசம். திரும்பும்போது சுற்றுவழியாக, மெதுவாகவே ஓட்டச் சொன்னேன்.