தையல்காரர் வீட்டுச் சுவர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பள்ளிக்கூட மாடியில் தெருக் கூட்டம். விதிகளை நான்தான் வாசிக்க வேண்டும் என்று நர்ஸ் அக்கா முன்பே சொல்லிவைத்திருந்தார். தெருவில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். அதுவும் புவியியல். அதனால் மழையும் ஆறும் எனக்குச் சொந்தக்காரர்கள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எழுந்து நின்றேன். முதல் வரியிலேயே குரல் உள்ளே போய்விட்டது.

"சத்தமா வாசிம்மா, அந்தத் தாளுக்கே கேக்கலை" என்றார் கண்டக்டர் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் அக்கா தாளை வாங்கி அவரே வாசித்து முடித்தார்.

விதி இதுதான். எங்கள் வரிசையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பாலத்துத் தூணில் கீழே மஞ்சள், அதற்கு மேலே சிவப்பு என்று இரண்டு கோடு போட்டிருக்கிறோம். பாலத்தை ஒட்டிய முதல் வீடு கண்டக்டர் பெரியப்பாவுடையது. தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் அவர் விசில் ஊதி, அடுத்த வீட்டுச் சுவரை மூன்று முறை தட்டுவார். அந்த வீட்டார் பதிலுக்கு மூன்று தட்டிவிட்டு, தங்களுக்கு அடுத்த சுவரைத் தட்ட வேண்டும். பிறகு எல்லோரும் இந்தப் பள்ளிக்கூட மாடிக்கு. பதில் வராமல் யாரும் நகரக்கூடாது. வரவில்லை என்றால் அந்த வீட்டுக் கதவை உடைக்கலாம். தொடங்குவது முதல் வீடு மட்டும்தான். நடுவில் யாரும் தொடங்கக்கூடாது.

பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற விதி ஏன் வந்தது என்று யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் தெரியும். போன வருட வெள்ளத்தில் தையல்காரர் தன் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார். தனி ஆள். இந்தப் பக்கத்து வீடு சொல்லியிருக்கும் என்று அந்தப் பக்கத்து வீடு நினைத்தது. அந்தப் பக்கம் சொல்லியிருக்கும் என்று இந்தப் பக்கம்.

இந்தப் பக்கம் எங்கள் வீடு. அந்தப் பக்கம் என் சொந்த அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு. நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன்.

தையல்காரர் வீடு பூட்டியே கிடக்கிறது. சொந்தம் என்று யாரும் வரவில்லை. அதனால் இந்தத் தட்டுச் சங்கிலியில் அந்த வீடு கிடையாது. நான் வாசல் வழியாக ஓடிப்போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று முடிவு.

ஆகஸ்ட் 4, திங்கள்

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் விதித்தாளை வீட்டுக்கு ஒன்று என்று நகல் எடுத்தேன். ஒன்று கூடுதலாக வந்துவிட்டது. பூட்டிய வீட்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் ஒத்திகை. நல்ல வெயில், மத்தியானம் மூன்று மணி. விசில் கேட்டது. சுவர் சுவராகத் தட்டு நெருங்கி வந்தது. வீடுகளுக்குள்ளேயே ஏதோ ஒன்று நடந்து வருவதுபோல. வெல்டர் அண்ணன் வீட்டிலிருந்து எங்கள் சுவருக்கு வந்ததும் நான் பதில் தட்டிவிட்டுச் செருப்பைத் தேடினேன். அதற்குள் அம்மா, கைவாக்கில், எதிர்ச் சுவரையும் தட்டிவிட்டாள். தையல்காரர் வீட்டுச் சுவரை.

பதில் வந்தது.

இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று.

நான் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். அம்மா சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "எலியா இருக்கும்" என்றேன். எலி பதிலா சொல்லும்? அம்மா சாதாரணமாகச் சொன்னாள்:

"துணி தைச்சு முடிச்சா அப்படித்தான் தட்டுவார். ரெண்டு தட்டு, நிறுத்தி ஒண்ணு. போய் வாங்கிட்டு வருவேன்."

ஆகஸ்ட் 11, திங்கள்

கடைக்குப் போகும் வழியில் அவர் வீட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். தையல் மிஷின், சுவர் ஓரமாகத் துணி வெட்டும் பெரிய மேசை. எல்லாவற்றின் மீதும் போன வருடச் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. தரையில் காலடித் தடம் எதுவும் இல்லை.

தடம் இருந்திருந்தால் பயம் குறைந்திருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

பொய் விசில். தூணில் ஆகாயத்தாமரையும் குப்பையும் வந்து அடைந்து மஞ்சள் கோட்டை மறைத்துவிட்டன. தண்ணீர் ஏறிவிட்டது என்று நினைத்துப் பெரியப்பா ஊதிவிட்டார். நான் ஓடிப்போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்காவுக்கு எட்டாவது மாதம் தொடங்கப்போகிறது. பதறி எழுந்து வந்து, பள்ளிக்கூட மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு ரத்தம் பட்டுவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில். பிள்ளை பிழைத்துக்கொண்டது என்றார் டாக்டர். இனிப் பிரசவம்வரை படுக்கையை விட்டு எழவே கூடாதாம். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காதாம்.

கதவைத் தட்டியது என் கைதானே?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா வாசலிலேயே என்னை நிறுத்தினார். அக்கா புருஷன்; வாய்விட்டுச் சிரிக்கிற ஆள்; இன்று சிரிக்கவில்லை.

"உங்க ஒத்திகை, சங்கிலி எல்லாம் நல்லா இருக்கட்டும். ஆனா தண்ணி சிவப்பைத் தொட்டாத்தான் இந்தக் கதவைத் தட்டணும். அதுக்கு முன்னால தட்டினே... அப்புறம் நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

வெல்டர் அண்ணன் ஒரு நாற்காலியில் இரண்டு இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். அக்காவை உட்காரவைத்து நாலு பேர் தூக்கலாம். பெரியப்பா அதில் உட்கார்ந்து பார்த்து, "முப்பது வருஷம் நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்சேன், இப்பத்தான் சீட் கெடைச்சுது" என்றார். அக்கா படுத்தபடியே சிரித்தாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை இல்லை. சுவரும் பேசவில்லை. ஆனால் அம்மா தன் பாயை அந்தச் சுவரோரம் இழுத்துப் போட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். வெயில் கண்ணைக் கூசுகிறது. சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டது. இரண்டு. இடைவெளி. ஒன்று.

யாரும் தட்டாமலேயே.

அக்காவுக்குப் போன் போட்டேன். "நீ சுவரைத் தட்டினியா?"

"எழுந்திரிக்கவே கூடாதுன்னு கெடக்கேன், இதுல தட்டுறேனாம்! எனக்கும் கேட்டுது. நீதான் தட்டுறேன்னு நெனைச்சேன்டி."

மறுபடியும். இரண்டு, ஒன்று. சுவரில் கை வைத்தேன். மேலே சூடாக இருக்கிறது, முழங்காலுக்குக் கீழே ஜில்லென்று இருக்கிறது.

பெரியப்பாவிடம் ஓடினேன். தண்ணீர் மஞ்சளுக்கு ரொம்பக் கீழே, எருமை உட்கார்ந்தால் நனையாத அளவு. நர்ஸ் அக்காவுக்கு டியூட்டி, போனை எடுக்கவில்லை. திரும்பி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடங்கினால் அக்காவைத் தூக்க வேண்டும். பொய்யாகப் போனால் பிள்ளை — தொடங்காமல் இருந்து நிஜமாகப் போனால்? யாராவது சொல்வார்கள் என்று நானும் உட்கார்ந்திருக்கலாம். அப்படித்தானே அன்றைக்கு எல்லோரும்

மறுபடியும் தட்டுது.

செப்டம்பர் 10, புதன்

பள்ளிக்கூட மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

நோட்டை மூடிவிட்டு இரண்டு பக்கத்துச் சுவரையும் தட்டினேன். பிறகு தெருவில் இறங்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "வெளிய வாங்க, மாடிக்குப் போங்க" என்று இருக்கும். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. வெல்டர் அண்ணன் சோற்றுக் கையோடு வெளியே வந்தார். பெரியப்பா விசிலோடு ஓடிவந்து, "ஆத்துல ஒண்ணுமே இல்லம்மா! நடுவுல தொடங்கக்கூடாதுன்னு நீதானே டைப் அடிச்சே!" என்றார்.

வெல்டர் அண்ணன் கையை உதறிக்கொண்டே சொன்னார்: "பெரியவரே, பேர் கேட்டாலே பதில் சொல்லாத பொண்ணு இது. இது தெருவுல நின்னு கத்துதுன்னா விஷயம் இருக்கு. நாற்காலியை எடுங்க."

நான் நல்லாப் பேசுகிறவளாக இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் இரண்டு கையையும் நீட்டினாள். நானும் அம்மாவும் முன்னால், வெல்டர் அண்ணனும் பெரியப்பாவும் பின்னால். நாற்காலி அலுங்காமல் ஏறியது. பின்னாலேயே தெரு முணுமுணுத்துக்கொண்டு வந்தது. மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வெயில். காக்கை. கீழே அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று ஒருத்தர் புலம்பினார். மாமா வேலையிலிருந்து வந்துவிட்டார். படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டுத் தூக்கினே? கோடு எங்க, தண்ணி எங்க? உன் படிப்பை எங்க வீட்டுப் பிள்ளை மேலயா காட்டுவே?" நான் சுவரோடு சுவராக நின்றேன். செத்தவர் சுவரைத் தட்டினார் என்றா சொல்வது?

அப்போது அம்மா, "அங்க பாருங்க" என்றாள்.

வெள்ளத்துக்கு முன்னால் நூல்கண்டுகள் வந்தன. தையல்காரர் வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து, சிவப்பு, நீலம், பச்சை, ஒன்றன்பின் ஒன்றாக, வெயிலில் பளபளவென்று தெருவில் மிதந்து வந்தன. சத்தமே இல்லை. பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் தண்ணீர் வெளியே நடந்து வந்தது. ஆற்றிலிருந்து தெருவுக்கு அல்ல. வீடுகளிலிருந்து தெருவுக்கு. பாலத்துத் தூணில் மஞ்சள் கோடு அப்போதும் காய்ந்தே இருந்தது.

மலையில் கொட்டிய மழையில் மேலே எங்கோ கரை உடைந்து, தெருவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் தூர்த்த குளத்துக்குத் தண்ணீர் தன் பழைய வழியில் வந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பொழுது சாய்வதற்குள் ஜன்னல் முங்கிவிட்டது. தெருவில் ஒருவரும் மிச்சமில்லை. எல்லோரும் மேலே.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நர்ஸ் அக்கா படகில் வந்து பார்த்துச் சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டில் மாமா தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

செப்டம்பர் 17, புதன்

தண்ணீர் வடிந்துவிட்டது. சேறு வாரும் வேலை. வெல்டர் அண்ணன் தையல்காரர் வீட்டுப் பூட்டை அறுத்தார். பத்துப் பேர் வாசலில் நின்றார்கள், ஒருவரும் முதலில் நுழையவில்லை. அம்மாதான் போனாள்.

வெட்டு மேசைக்கு அடியில் தரை இல்லை. பழைய கிணறு. பலகை போட்டு மூடி, அதன் மேலேயே மேசையை நிறுத்தியிருக்கிறார் மனுஷர். கிணற்றில் தண்ணீர் ஏறினால் பலகை தூக்கும், மேசை ஆடும், அதன் விளிம்பு எங்கள் சுவரில் இடிக்கும். வெல்டர் அண்ணன் காலால் மேசையை ஆட்டிக் காட்டினார். அதே சத்தம்.

"இந்தா, உங்க பேய்!" என்றார். எல்லோரும் மூச்சுவிட்டுச் சிரித்தார்கள்.

"ரெண்டு தட்டிட்டு, நிறுத்தி ஒண்ணு தட்டுமா அண்ணா?"

"அதைத் தண்ணிகிட்டத்தான் கேக்கணும்."

ஆகஸ்டில் ஒத்திகை நடந்த நாளில் தெருவில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லை. குடம் வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு நின்றோம். அம்மாவுக்கும் அது நினைவிருக்கிறது. அவள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கூட்டம். கிணற்றை சிமென்ட் போட்டு மூடிவிடலாம் என்றார் நர்ஸ் அக்கா. பிள்ளைகள் விழுந்துவிடுமாம். கூட்டத்தில் வாயே திறக்காத அம்மா எழுந்தாள்.

"கம்பி வலை போட்டுக்கலாம். மூட வேண்டாம். அவர் வீட்டையும் வரிசையில சேருங்க."

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை.

புது விதிகளை நான் வாசித்தேன். கிணற்றுக்குள்ளும் மஞ்சள், சிவப்புக் கோடு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழைய குளத்தில் ஒரு பகுதியையாவது தோண்ட வேண்டும். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வர வேண்டும். யார் வேண்டுமானாலும் எந்தச் சுவரிலிருந்தும் தொடங்கலாம்.

"இப்போ தாளுக்கு நல்லாக் கேட்டுது" என்றார் பெரியப்பா.

அக்டோபர் 14, செவ்வாய்

பெண் குழந்தை. மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஒத்திகை. விசில் வந்தது, தட்டு சுவர் சுவராக வந்தது. எங்கள் முறை. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுச் சுவரை மூன்று முறை தட்டினாள்.

காத்திருந்தோம். இந்த ஒரு சுவருக்கு மட்டும் விதி வேறு. பதில் வராமல் இருந்தால்தான் நல்லது.

அந்த வீட்டுக்கு அப்பால் குழந்தை அழுவது லேசாகக் கேட்டது, பிறகு நின்றது. பெரியப்பா தெருவிலிருந்து, "என்னம்மா, உங்க வீட்டோட நின்னுபோச்சா?" என்று கத்தினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அம்மா நகரவில்லை. நான் காத்திருந்ததைவிட அதிக நேரம் காத்திருந்தாள். பதில் வரவில்லை.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் சுவரிடம். "இருக்கீங்களான்னு சும்மா தட்டினேன். நீங்க வேலையைப் பாருங்க."