சம்பந்திப் பள்ளிக்கூடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ சுகமாக இருப்பது முந்தாநாள் போனில் உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்காமல் ஆரம்பித்தால் எனக்குக் கை ஓடாது, சுகமா, சளி விட்டதா? தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நான் நன்றி என்று வாயெடுத்தாலே, ஆரம்பிச்சிட்டியாம்மா, வேற பேச்சு பேசு என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதத்தின் வாயை உன்னால் அடைக்க முடியாது. அதோடு உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது, முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அது கடைசியில் வரும், ஓடிப்போய்க் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நிதியுதவி கிடைத்த செய்தி உனக்குத் தெரியும், அது வந்த வழி தெரியாது. நடுவில் மூன்று வாரம் உனக்குப் பரீட்சை, அவளிடம் மூச்சு விடாதே என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள். மருந்துக்கடைக்கு மேலே நாலு அறை, அதில் காது கேளாத நாற்பத்தொரு பிள்ளைகள், அதுதான் நம் பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. மற்ற பள்ளிகளில் வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவார், இவர்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இரண்டே மாதத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இந்த வருஷம் ஐந்தாவது முடித்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருத்தி நம் சுண்டெலி, தெருமுனையில் இஸ்திரி போடுகிற அம்மாளின் மகள், எதைச் சொன்னாலும் ஏன் என்று இரண்டு கையாலும் கேட்கிறவள். ஆறாம் வகுப்பு திறக்காவிட்டால் அவளும் அந்த இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில்தான் நிற்கவேண்டும். திறந்தாலும் அறிவியலை எதை வைத்து நடத்துவது என்பது அடுத்த கஷ்டம், அணுவுக்கும் ஆவியாதலுக்கும் நம் பிள்ளைகளிடம் சைகை இல்லை, ஒவ்வொரு எழுத்தாக விரலில் காட்டினால் பாடம் பாதியிலேயே நின்றுபோகும். அந்தச் சமயத்தில்தான் நீ அந்த அறக்கட்டளையின் அறிவிப்பை அனுப்பினாய், இரண்டு நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து ஒரு வேலை செய்தால் நிதி தருகிறோம் என்று. உன் ஊரிலிருந்து மூன்று மணி நேர ரயில் தூரத்தில் நம்மைப் போலவே ஒரு பள்ளிக்கூடத்தையும் நீயே தேடிப் பிடித்தாய். அவர்கள் சைகை வேறு, நம் சைகை வேறு, ஆனால் அணுவில் முட்டிக்கொண்டு நிற்பது மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் மாறி மாறி ஒருவர் ஊரில் ஒருவர் போய்த் தங்கி, சேர்ந்து அறிவியல் வார்த்தைகளுக்குச் சைகை உண்டாக்கிப் படமெடுத்து வைப்பது, அதற்காக இங்கே ஆறாம் வகுப்பும் ஓர் அறிவியல் வாத்தியாரும் என்று திட்டம் போட்டோம்.

விண்ணப்பத்தை அவரவர் மொழியிலேயே எழுதலாம் என்று சொன்னதும் நான் பெருமூச்சு விட்டேன், சீக்கிரம் விட்டுவிட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பெட்டி, அதற்கு இத்தனை எழுத்து என்று கணக்கு. அப்பா பென்சிலை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார், சரியாக இருந்தது, கம்ப்யூட்டர் நிரம்பி வழிகிறது என்றது. அம்மா என்றால் நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்தாம்! புள்ளியைத் தனியாக எண்ணும், காலைத் தனியாக எண்ணும். நம்ம எழுத்த எண்ண நமக்குத் தெரியாதாடா என்று அப்பா அந்தத் திரையோடு ஒரு காலை முழுக்கச் சண்டை போட்டார். நீதான் உன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து என் பதில்களைச் சுருக்கினாய். சுருக்கினாய் என்றா சொன்னேன், வெட்டினாய். என் தயவுசெய்துகளும் பணிவுடன்களும் முதலில் போயின, நாங்கள் மிகவும் ஏழ்மையான என்று தொடங்கிய மூன்று வாக்கியங்கள் அடுத்துப் போயின. எனக்குக் கோபம்தான் வந்தது, பெற்றவளுக்கே எழுதச் சொல்லிக்கொடுக்கிறாளே என்று. அப்புறம் அந்தப் பதினோராம் கேள்வி, உங்களிடமிருந்து எதிர்ப்பள்ளி, அதாவது அந்த வெளிநாட்டுப் பள்ளி, எதைக் கற்றுக்கொள்ளும் என்று. நான் அதைக் காலியாக விட்டிருந்தேன். நீ போனில், அம்மா, சனிக்கிழமை வகுப்ப எழுதலையா என்று கேட்டாய். அதில் எழுத என்ன இருக்கிறது என்றேன். பிள்ளைகள் வாத்தியாராக நின்று பெற்றவர்களுக்குச் சைகை கற்றுக்கொடுப்பதும், இஸ்திரி அம்மாள் தப்பாகக் காட்டினால் சுண்டெலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மறுபடி காட்டச் சொல்வதும் எனக்கு ஆளில்லாத குறைக்கு ஆரம்பித்த ஏற்பாடு, அவ்வளவுதான். அந்தப் பள்ளியில் பிள்ளைகளோடு சைகையில் பேசுகிற பெற்றோர் பாதிப் பேர்கூட இல்லையாம், அதை நீ சொல்லித்தான் தெரியும். நம்மிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று எனக்குக் காட்டியவள் நீ. இதற்கு நன்றி சொல்லாமல் வேறு எதற்குச் சொல்வது, நீயே சொல்.

இனி உனக்குத் தெரியாத கதை. கடைசி நாள், நிர்வாகக் குழுத் தலைவரின் ஒப்புதல் கடிதம் மட்டும் பாக்கி. தலைவர் யாரென்று உனக்கு நினைவிருக்கும், மரக்கடைக்காரர், தம்பியோடு ஒரு சுவருக்காகப் பத்து வருஷமாகப் பேச்சில்லாதவர். அதை யோசிக்காமல் நான் கடிதத்தில் அந்த வெளிநாட்டுப் பள்ளியைப் பங்காளிப் பள்ளி என்று எழுதிக்கொண்டு போய் நின்றேன். மரத்தூளுக்கு நடுவில் நின்றபடி படித்தார், முகம் கறுத்துவிட்டது. பங்காளியா, டீச்சர், பங்காளின்னா என்னன்னு என்னக் கேளுங்க, நாளைக்கு நாலு அறையில ரெண்டு அறை எனக்குன்னு வந்து நிப்பான் என்றார். சரி என்று அடித்துவிட்டுக் கூட்டாளி என்று எழுதினேன், அது போலீஸ் கேசுல வர்ற வார்த்தை என்றார். துணைப் பள்ளி என்றேன், யாருக்கு யார் துணை, நாம என்ன அவங்களுக்கு எடுபிடியா என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைப் பார்த்து இரங்கினாரோ என்னவோ, மரம் அளக்கிற பென்சிலைக் காதிலிருந்து எடுத்து அவரே எழுதினார், சம்பந்தி என்று. சம்பந்தின்னா மரியாதை இருக்கும், குடுக்கல் வாங்கல் இருக்கும், சொத்துல கை வைக்கமாட்டான், இதுக்குக் கையெழுத்துப் போடறேன் என்றார். ஐந்து மணிக்குள் போகவேண்டும், உனக்கு அனுப்பிக் கேட்க நேரமில்லை, அப்படியே அனுப்பிவிட்டேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர்மேல் குற்றமில்லை, மணமக்களின் பெற்றோருக்குள் உள்ள உறவு என்று சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார், வினையே அதுதான். உறவினர்களுக்குள் இந்த நிதி தரப்படமாட்டாது, உங்கள் இரு பள்ளிகளுக்கும் இடையே நடந்த திருமணம் எது, மணமக்களின் வயது என்ன, நேரில் விளக்கும்வரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கடிதம். வயதைக் கேட்டிருந்தார்கள் பார். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பாடுபட்டவள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறவளாகிவிட்டேன். ஏழு பேரின் ஆறாம் வகுப்பை ஒரு வார்த்தையில் தொலைத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் படித்தாயா படித்தாயா என்று மட்டும் கேட்டேனே, அது இதனால்தான்.

வீடியோவில் விளக்கம் சொல்ல நாள் குறித்தார்கள். என் வார்த்தை, நான் வராம எப்படி என்று மரக்கடைக்காரரும் வந்துவிட்டார், சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், ஓரத்தில் மொழிபெயர்க்கிறவர். நான் வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன், உதாரணம் சொன்னேன், கடைசியில் அவர்கள் மறுபடியும், அப்படியானால் கல்யாணம் யாருக்கு என்றார்கள். மரக்கடைக்காரர் என்னைத் தள்ளாத குறையாக முன்னால் வந்து, வெளிநாடு என்பதால் கேட்காதோ என்று உரக்கக் கத்தினார். அம்மா, கல்யாணமும் இல்ல கச்சேரியும் இல்ல, எங்க புள்ள உங்க வீட்டுல வந்து இருக்கப் போவுது, உங்க புள்ள எங்க வீட்டுல வந்து இருக்கும், நம்ம புள்ள அவங்க கையில இருக்குன்னா அவங்கள எப்படி மதிப்போம், அந்த மதிப்புக்குத்தான் அந்தப் பேரு என்றார். மொழிபெயர்த்தவர் சொல்லி முடித்ததும் நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, பதினோராம் பதிலைப் பற்றியே முக்கால் மணி நேரம் கேட்டார்கள்.

பாப்பா, அவர் அப்படிச் சொன்னபோது நான் பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டேன். குடல்வால் ஆபரேஷன் என்று நீ படுத்திருந்தபோது நாலு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்கார அம்மாள்தான் கண்ணில் நின்றாள். என் பிள்ளை அவள் கையில் இருந்தது. அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது, நீ நடுவில் இருந்தாய். நீ வெளிநாடு போகிறேன் என்றபோது ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்றுதானே கேட்டேன்? இருந்திருக்கிறார்கள். அவளிடம் போய் என் அம்மா உங்களைச் சம்பந்தி என்று சொல்கிறாள் என்று சொல், அர்த்தம் கேட்டால் மரக்கடைக்காரர் சொன்னதையே சொல், கத்தாமல் சொல்.

ஆறாம் வகுப்பு போன திங்கட்கிழமை திறந்தது. ஏழு பேரும் வந்தார்கள், ஒருவர்கூடக் குறையவில்லை. புது அறிவியல் வாத்தியார் சுறுசுறுப்பானவர், கை மட்டும் இன்னும் திக்குகிறது. ஆவியாதலுக்குப் பிள்ளைகள் ஒரு சைகை கண்டுபிடித்துவிட்டார்கள், உள்ளங்கையில் இருப்பதை இன்னொரு கையால் மெதுவாக மேலே இழுத்து விரலைப் பிரித்துவிடுவது, யாருடையது என்று நினைக்கிறாய், இஸ்திரிப்பெட்டியின் ஆவியைப் பார்த்து வளர்ந்தவளுடையதுதான். எதிர்ப்பள்ளித் தலைமையாசிரியரின் கடிதமும் வந்தது, மேலே அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு என்று நம் எழுத்திலேயே, குழந்தை எழுதியது மாதிரி, ம்-இன் புள்ளியைக்கூட விடாமல் எழுதியிருந்தார். மரக்கடைக்காரர் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லி அவரே சட்டமும் அனுப்பினார். உன் சித்தி பெரியவனுக்கு வரன் பார்க்கிறாள், அவளிடம் மட்டும் இந்தச் சம்பந்திக் கதையைச் சொல்லாதே, ஊரெல்லாம் பரப்பிவிடுவாள்.

சரி, சொல்லவேண்டியதற்கு வருகிறேன். அடுத்த மாதம் இங்கிருந்து இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். வாத்தியாரும் நானும் என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை வகுப்பை அங்குள்ள பெற்றோருக்கு யார் காட்டுவது என்று அந்தக் கண்ணாடி அம்மாள் கேட்டார். நானே காட்டலாம், தடுப்பார் யாருமில்லை. ஆனால் டீச்சர் சொன்னால் பெற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பெற்றவளே தன் மகளுக்கு முன்னால் மாணவியாக நின்று காட்டினால்தான் உறைக்கும். என் பெயரை நானே அடித்துவிட்டு இஸ்திரி அம்மாளின் பெயரை எழுதினேன். நாலு வருஷமாக உன்னைத் தொட்டுப் பார்க்கவில்லை, எனக்கென்று நீ கட்டில் வாங்கிப் போட்டிருப்பதை அப்பா சொன்னார். என்மேல் கோபப்படு, எவ்வளவு வேண்டுமானாலும் படு, நானே என்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் என் தயவுசெய்துகளை வெட்டியவள் நீ, கொடுக்க இருப்பதைக் கொடு என்றவள் நீ, உனக்குப் புரியாவிட்டால் யாருக்கும் புரியாது. ரயிலேறி உன்னிடம் வரும்போது அந்தக் கட்டிலில் அவளைப் படுக்கவை, சுண்டெலியை உன்னோடு படுக்கவை, ஏன் ஏன் என்று கேட்டுத் தூங்கவிடமாட்டாள், உன் சைகை துருப்பிடித்திருந்தால் இப்போதே தீட்டிக்கொள்.

குறையொன்றும் இல்லாமல் நீ நீடூழி நன்றாக இருக்கவேண்டும், எடுத்த பரீட்சையெல்லாம் கைகூடவேண்டும், உன்னைப் பார்த்துக்கொள்கிறவர்களும் நன்றாக இருக்கவேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. ஸ்டேஷனுக்கு அரை மணி முன்னதாகப் போய் நில், வழக்கம்போல் கடைசி நிமிஷத்தில் போகாதே. அவள் ஊரைத் தாண்டாதவள், அவ்வளவு கூட்டத்தில் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நேற்று பயந்துபோய்க் கேட்டாள். போட்டோ எதற்கு, அங்கே ஒருத்தி என் மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பாள், நேராகப் போய்க் கட்டிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னை நினைக்காத பொழுதில்லாத,
உன் அம்மா